வேம்புலியம்மாளுக்குப் போட்ட நாற்காலி

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு ஓர் ஊரைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அந்த ஊர்த் தலைவருக்கே தெரியாது. மைக்கைக் கண்டதும் பாய்கிறவர் யார், வாங்கிக்கொண்டு நடுங்குகிறவர் யார், "ஹலோ, ஹலோ" சொல்லியே பாதி நேரத்தை ஓட்டுகிறவர் யார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பாரிவாக்கத்தைத் தாண்டினால் வருகிற மாங்கண்டிகை ஊராட்சியில் காதுகுத்து முதல் கிராம சபை வரை உலகநாதன் சவுண்ட் சர்வீஸ்தான். அந்த உலகநாதன் நான்.

எங்கள் காலனி வேம்புலியம்மாள் மைக் பிடிக்கிற அழகே தனி. வாய்க்கு நேராகப் பிடிக்கவே மாட்டாள். குழம்புக் கரண்டியைப் பிடிக்கிற மாதிரி இடுப்போரமாகப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

"எக்கா, மேல தூக்கிப் புடி. கேக்காது" என்பேன்.

"கேக்காதவனுக்கு ஸ்பீக்கர காதுல சொருவுனாலும் கேக்காது ஒலகம்" என்பாள்.

அவளுக்கு அந்தக் கரண்டிப் பிடி வந்ததில் ஆச்சரியமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. விடியற்காலைப் பஸ்ஸில் போய் ஒரு படைக்குச் சாம்பார் வைத்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள். அதற்கு முன்னால் அவளும் அவள் அப்பா அம்மாவும் இங்கேதான் கூலிக்கு நெல் அறுத்தார்கள். அறுத்த வயலில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. வயல்காரர்கள் விற்றார்கள், போனார்கள். நெல் அடித்த களம் மட்டும் தப்பித்தது. அது யார் பெயரிலும் இல்லை, களம் புறம்போக்கு. யாருடையதும் இல்லாததால் அது எங்களுடையதாக இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் மேட்டு நிலம். காலனி வீடுகளோ ஒரு பிணத்தைக் கிடத்தக்கூட இடமில்லாதவை. ஆகவே எங்கள் சாவெல்லாம் களத்தில். கல்யாணப் பந்தலும் அங்கேதான், ஆடி மாதக் கூழும் அங்கேதான். அக்காவின் புருஷன் வீராசாமி செத்தபோது அவரைக் களத்தில் கிடத்தித்தான் ஊர் அழுதது. ஷாமியானா என்னுடையது.

முன்பெல்லாம் எங்கள் கிராம சபை ஒரு கூத்து. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, மேடையில் தலைவர் ஜெகதீசனும் அவருடைய ஆட்களும் உட்காருவார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், "பொதுமக்கள் கேள்வி கேட்கலாம்" என்று அறிவிப்பு வரும். உடனே மேடையிலிருந்தே ஒருவர் எழுந்து, "தலைவர் அவர்கள் தூக்கம்கூட இல்லாமல் எப்படி இவ்வளவு பணிகளைச் செய்கிறார்?" என்று கேட்பார். தலைவர் கூச்சப்பட்டுக்கொண்டே நீட்டி முழக்கிப் பதில் சொல்வார். அதோடு கூட்டம் முடிந்துவிடும். குழாய் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த பெண்கள் வாயைத் திறக்காமலே வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு குடியரசு தினத்தில் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வேம்புலியக்கா எழுந்துவிட்டாள். மைக்கெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"யோவ் நைனா, கேள்வி கேக்கணும்னா கீய எறங்கி வந்து கேளு. மேல குந்திகினு இன்னாத்துக்குக் கேக்குற? கீய கீறவன் கேக்கணும், மேல கீறவன் பதில் சொல்லணும். அதுக்குத்தான மேடைய ஒசரமா போட்டுகீது?"

பந்தலே குலுங்கிச் சிரித்தது. ஜெகதீசனின் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்தது போல் ஆயிற்று.

அன்றுதான் அகல்யா முதல் தடவையாகக் கிராம சபைக்கு வந்திருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். ஐ.டி. வேலை, கையில் நிஷா என்று ஒரு சின்னப் பெண் குழந்தை. அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளர். தெருவிளக்குக்காக வந்தவள், அக்கா பேசியதைக் கேட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எவ்வளவு சரியா சொன்னீங்க! இதை நாம தீர்மானமாவே போட்டுரலாம்க்கா."

அந்த 'நாம'வை நான் அப்போதே கவனித்தேன். மாடிக்காரர்கள் அதுவரை எங்களிடம் "உங்க ஏரியா", "உங்க ஆளுங்க" என்றுதான் பேசுவார்கள். அவர்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் "நாங்க". 'நாங்க' என்றால் நீ வெளியே நில். 'நாம' என்றால் நீயும் உள்ளே வா. இதைப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடச் சொல்லும். அக்கா அந்த 'நாம'வில் விழுந்தாள். நானும்தான் மயங்கினேன்.

இரண்டு பேரும் காலனியிலும் அடுக்குமாடியிலும் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் திரட்டினார்கள். கீழே இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவது, முதல் முறை பெண்களுக்கு, மணி அடித்தால் மைக்கைக் கொடுத்துவிடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையில் இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த சபையிலேயே கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது. வேறு வழியில்லாமல் ஜெகதீசனும் தட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் கிராம சபையைப் பார்க்க நசரத்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். பெண்கள் பேசினார்கள். விளக்கு எரிந்தது. ஒரு தடவை அக்காவே குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. "முடிச்சிட்டுக் குடுக்கா, யாரு கேக்கப்போறா?" என்றேன். "எனக்கு ஒரு ரூலு, ஊருக்கு ஒரு ரூலா?" என்று பாதி வாக்கியத்தில் மைக்கை நீட்டிவிட்டாள். அவள் அப்படிப்பட்டவள் என்பது ஊருக்கே தெரியும். அகல்யாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்புறம் அந்த டிசம்பர் புயல் வந்தது. அடுக்குமாடியின் தரைத்தளத்தில் காரெல்லாம் மிதந்தது. கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் ஏறாத இடம் எங்கள் களம் ஒன்றுதான். அக்கா தார்ப்பாயைக் கட்டி, அண்டாவை ஏற்றி, காலனிக்கும் மாடிக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள். நிஷாக் குழந்தை பயத்தில் யாரிடமும் சாப்பிடவில்லை. அக்கா மடியில் வைத்து, ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். அகல்யா பக்கத்தில் நனைந்த துப்பட்டாவோடு நின்றிருந்தாள்.

"அக்கா, இந்தக் களம் மட்டும் இல்லேன்னா நாம என்ன ஆயிருப்போம்?" என்று அவள் கண்கலங்கிச் சொன்னதை நான் இரண்டு காதாலும் கேட்டேன்.

அடுத்த வருஷம் காந்தி ஜெயந்திக்குச் சில நாள் முன்னால் யாரோ வந்து களத்தை டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா நேரே அகல்யாவிடம்தான் போனாள். அடுக்குமாடி வாசலில் பிள்ளையார் கோயில் ஸ்பீக்கரை நான் கழற்றிக்கொண்டிருந்ததால் பேச்சு என் காதிலும் விழுந்தது.

"கண்ணு, களத்துல எவனோ சுண்ணாம்பு கோடு போட்டுட்டுப் போய்கீறான். இந்தத் தபா சபையில அத்தத்தான் கேக்கப் போறேன். நீயும் எங்கூட நிக்கணும்."

"கண்டிப்பா கேளுங்கக்கா. நாம விடக்கூடாது" என்றாள் அகல்யா. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

மறுநாள் அவளே காலனிக்கு வந்தாள், கையில் பூவும் பழமும். இந்தச் சபையில் வேம்புலியக்காவை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். தலைவரே ஒத்துக்கொண்டாராம்.

"மேடையா? எனக்கா? சீ, போ கண்ணு."

"நீங்கதானே அக்கா இந்த விதியெல்லாம் வரக் காரணம். நாம ஜெயிச்சதுக்கு இது அடையாளம் இல்லையா?"

"கேள்வி கேக்கணுமே."

"அதெல்லாம் பார்த்துக்கலாம்க்கா."

அக்கா வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காந்தி ஜெயந்தி சபையன்று காலை, மகள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப் புடவையில் வந்தாள். "இன்னாக்கா, மறுபடியும் கண்ணாலமா?" என்று நான் கிண்டல் செய்ததற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

பொன்னாடையை அகல்யா தன் கையாலேயே போர்த்தினாள். தலைவருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் நடுவில் அக்காவுக்கு நாற்காலி. காலனி ஜனம் கைதட்டிய தட்டில் என் ஸ்பீக்கரே தோற்றது. பிறகு அகல்யா கீழே இறங்கி வந்து, பேசுகிறவர்களுக்கு மைக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். முதல் முறை காலனிப் பெண்களுக்கு. அவர்களில் வாய் உள்ளவள் வரலட்சுமி. அவளிடம் மைக் போயிற்று.

"எங்க அக்காவே மேல கீது. எங்களுக்கு இன்னா கேள்வி? எல்லாம் அது பாத்துக்கும்!"

சிரிப்பு, கைதட்டல். மைக் அப்படியே அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டது.

எல்லாரும் பேசி முடித்ததும் செயலர் தீர்மானங்களைப் படித்தார். அவர் படிக்கிற வேகத்தில் அவருக்கே புரியாது. நடுவில் ஏதோ சர்வே எண், "களம் புறம்போக்கு", "அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான கழிவுநீர் சேகரிப்புத் தொட்டி" என்று ஓடியது. கீழே பாதிப் பேர் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேலே அக்கா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இரு, இரு. இன்னா படிச்ச இப்ப? எங்க களத்துல கக்கூஸ் தண்ணித் தொட்டியா?"

ஜெகதீசன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கீழேயிருந்து, என்னுடைய மைக்கில், அகல்யாவின் குரல் தெளிவாக வந்தது.

"அக்கா, மேடையில இருக்கிறவங்க கேள்வி கேட்கக் கூடாதுன்னு நாமதானே முடிவு பண்ணோம்?"

எனக்குச் சுரீர் என்றது. மாடிக்காரர்கள் சிரித்தார்கள். காலனிக்காரர்களும் ஏதோ விளையாட்டு என்று சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், அதுதான் கொடுமை. அகல்யா தனக்கு வழி சொல்லிக் கொடுக்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

"ஆமா கண்ணு, மறந்தே பூட்டேன். ரூலுன்னா ரூலுதான். இரு, கீய எறங்கி வந்து கேக்குறேன்."

பொன்னாடையை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு, நாற்காலிகளுக்குப் பின்னால் சுற்றி மேடையின் படிக்கட்டுக்கு வந்தாள். முழங்கால் வலிக்காரி. மெல்லத்தான் இறங்க முடியும். அதற்குள் ஜெகதீசன், "ஆட்சேபனை இல்லையே? எல்லாரும் கைதட்டிடுங்க" என்றார். காலனி ஜனம் அக்கா எழுந்து வருவதைப் பார்த்தது, அவளுக்காக விழுந்து விழுந்து தட்டியது. செயலர் ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார். அகல்யா பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து மைக்கின் முன்னால் நிறுத்தினாள். பிள்ளைகள் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாரும் விறைத்து நின்றோம். அக்காவும் நின்றாள், பாதிப் படியில், ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக. பிள்ளைகள் பாடி முடிக்கும்வரை அவள் கண் அகல்யாவை விட்டு அசையவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று எனக்குத் தோன்றியது. மைக்கை அணைக்கச் சொல்லியிருந்தால் அன்று அங்கே பெரிய அடிதடியே நடந்திருக்கும், முதல் அடி என்னுடையதாக இருந்திருக்கும். யாரும் அணைக்கச் சொல்லவில்லை. என் மைக் கடைசிவரை நன்றாகத்தான் வேலை செய்தது.

கூட்டம் கலைந்ததும் அக்கா அகல்யாவின் முன்னால் போய் நின்றாள். நான் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தேன்.

"ஒனக்குத் தெரியுமா கண்ணு?"

அகல்யா தரையைப் பார்த்தாள். பிறகு கடகடவென்று கொட்டினாள். "எங்க சாக்கடை நிரம்பி லிஃப்ட் வரைக்கும் வருதுக்கா. டேங்கர் லாரிக்காரன் வர மாட்டேங்கிறான். ஆபீஸருங்க வந்து சீல் வெப்போம்னு மிரட்டறாங்க. பக்கத்துல காலியா இருக்கிற ஒரே இடம் அதுதான். நான்தான் தலைவர்கிட்ட சொன்னேன். வேற வழியில்லக்கா. நாங்க எங்க போவோம்?"

"நாங்களா?" என்றாள் அக்கா.

அகல்யாவுக்குப் புரிந்ததா இல்லையா, தெரியாது. "இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா..." என்று இழுத்தாள். அக்கா நின்று கேட்கவில்லை.

எனக்கு ஜெகதீசன் மேல் கோபமே வரவில்லை. அவர் எந்தக் காலத்திலும் அப்படித்தான். மாடிக்காரர்களின் கஷ்டம்கூட எனக்குப் புரிகிறது, நாற்றத்தில் யாரால் குடியிருக்க முடியும்? நேரே வந்து, "அக்கா, எங்களுக்கு உங்க களம் வேணும்" என்று கேட்டிருந்தால் அக்கா கத்தியிருப்பாள், சண்டை போட்டிருப்பாள். ஒருவேளை வேறு இடம் தேட அவளே கூட நடந்திருப்பாள். கேள்வி கேட்கிற வாயை அடைக்க அதற்கே ஒரு பொன்னாடை போர்த்திய புத்தியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான்.

அன்று சாயங்காலம் காலனியில் நடந்தது இன்னும் மோசம். விஷயம் புரிந்த ஜனம் அக்காவின் வாசலில் கூடியது. வரலட்சுமிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"மேல குந்திகினு சால்வைய வாங்கிக்கினியே, அப்பவே வுடாம கேக்க வேண்டியதுதான? நீ சிரிச்சிகினு எறங்குனியே, சரி, ஒனக்குத் தெரிஞ்சிதான் கீதுன்னு நாங்களும் கை தட்டிட்டோம். எவ்ளோ வாங்குன?"

ஊருக்கே பேசுகிற வாய், தன்னுடைய தெருவில் அடைத்துப் போயிற்று. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள்.

வேறு எந்த வேலைக்கும் வருஷக்கணக்கில் இழுக்கிற ஊரில் இந்தத் தொட்டிக்கு மட்டும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்தார்கள். களத்தைச் சுற்றித் தகரம் அடித்து, ஜே.சி.பி. இறங்கிவிட்டது. கூடவே இருந்து குழி பறிப்பது என்று பேச்சுக்குச் சொல்வோம். அகல்யா விஷயத்தில் குழி நிஜமாகவே இருந்தது, தகரத்தின் ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரியும். அந்த வாரம் காலனியில் பால்ராஜின் தாயார் தவறிப்போனார். பிணத்தை ரோட்டு ஓரத்தில் கிடத்தினோம். பஸ் வரும்போதெல்லாம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி தினத்துக்கு மறுபடியும் கிராம சபை. அக்கா வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், கேன்டீனுக்குப் போகிற நூல் புடவையில். மேடையில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெகதீசன் கையைக் காட்டி, "வாக்கா, மேல வா" என்று கூப்பிட்டார். அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் முன்வரிசைக்கும் முன்னால், வெறும் மண்ணில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அகல்யா இருந்தாள். தொட்டி வேலைக்கு உதவியதற்காக அன்று பொன்னாடை அவளுக்கு.

முதல் முறை பெண்களுக்கு. நான்தான் மைக்கைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அன்றைக்கு அவள் மைக்கை இடுப்போரமாகப் பிடிக்கவில்லை. வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"செயலாளர் மேடத்துக்கு ஒரு கேள்விங்க."

மேடம் என்று அவள் அகல்யாவைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அகல்யாவும் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளம் வந்தப்போ உங்க பாப்பாவுக்கு நான் எந்த எடத்துல சோறு ஊட்னேங்க?"

ஜெகதீசன் குறுக்கே புகுந்தார். "எக்கா, இது கூட்டத்துக்குச் சம்பந்தம் இல்லாத..."

"மேல கீறவங்க பதில் சொல்லியே ஆவணும் தலைவரே. தீர்மானம் கீது."

அகல்யா பொன்னாடையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் முன்னால் இருந்த மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"களத்துல" என்றாள். "களத்துலதான், அக்கா."

"எடத்தத்தான் கேட்டேன். அக்காவக் கேக்கலீங்க."

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அக்கா மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த முறைக்காரர் எழுந்து தெருநாய்த் தொல்லையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.